டிஃபென்டர் 110 முன் ஷாஃப்ற் குறோஸ் ஜொயின்ற்: பிறெஸ் இல்லாமல் மாத்தலாமோ?

பனங்காமம்110:

வணக்கம். வண்டி 1996 டிஃபென்டர் 110. 300 ரிடிஐ எஞ்சின், ஆர்380 கியர் பொக்ஸ், எல்ரி230 றான்ஸ்ஃபர் பொக்ஸ் (இழுவையை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கிற பெட்டி). முன் புறொப் ஷாஃப்ற்றில, அதாவது றான்ஸ்ஃபர் பொக்ஸிலிருந்து முன் அச்சு நடுவில இருக்கிற டிஃபுக்கு (சில்லுகளுக்கு இழுவையைப் பிரிக்கிற கியர்த் தொகுதி) போற தண்டில, டிஃப் பக்கக் குறோஸ் (தண்டு மடங்கிச் சுத்த விடுற சிலுவை மூட்டு) போயிட்டுது எண்டு நினைக்கிறன்.

கிளச் விட்டு வெளிக்கிடேக்க கீழ "டொக்" எண்டு ஒரு அடி. அக்சிலேற்றரில காலை எடுத்துத் திரும்ப மிதிச்சாலும் அதே அடி. மெதுவா உருளேக்க கீச்சுக் கீச்செண்டு சத்தம், வேகம் கூட அதுவும் நெருக்கமாகுது. தார் றோட்டில 70 தாண்டினால் தரைத் தகடு அதிருது. குறோஸின்ர கைநுனியை மூடியிருக்கிற பெயாரிங் கப்பைச் சுத்திச் செம்மண் நிறத்தில பொடி. துடைச்சாலும் ரெண்டு நாளில திரும்ப வருது.

கையில இருக்கிறது வைஸ், சுத்தியல், சொக்கற் செற், கிறீஸ் கன். பிறெஸ் (அழுத்தித் தள்ளுற இயந்திரம்) இல்லை. மாரி தொடங்க முதல் முடிக்க வேணும். கேட்கிறது இவ்வளவும்தான்: எந்த அளவுக் குறோஸ் வாங்கிறது? வைஸில வைச்சே மாத்தலாமோ? ஷாஃப்ற்றைக் கழட்டினாப் பிறகு சாமான் வாங்க வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாமோ? ரெண்டு குறோஸையும் சேர்த்து மாத்த வேணுமோ, பழுதான ஒண்டு காணுமோ?

---

மாங்குளம்_பழசு:

தம்பி, அந்தச் செம்பொடி றோட்டுப் புழுதியில்லை. கிறீஸ் காய்ஞ்சு ஊசி பெயாரிங் துருவில அரைபடுகிற பொடி. அது வெளிய வந்திட்டால் அந்தக் குறோஸுக்குக் கிறீஸ் அடிச்சுப் பிரயோசனம் இல்லை. சத்தம் ரெண்டு நாளைக்கு அடங்கும், அவ்வளவுதான்.

கீச்சுச் சத்தத்தையும் ஒருக்கா எண்ணிப் பாருங்கோ. உங்கட டிஃப் விகிதம் 3.54. சில்லு ஒருக்காச் சுத்த ஷாஃப்ற் மூண்டரைத் தரம் சுத்தும். ஆள் நடக்கிற வேகத்தில வண்டியை உருட்ட, சில்லுச் சுத்துக்கு மூண்டு நாலு கீச்சு வந்தால் ஷாஃப்ற். ஒண்டே ஒண்டு வந்தால் சில்லுப் பக்கம், பிறேக் பாட் இல்லாட்டி ஹப்.

ஆனால் "டொக்" அடி முழுக்கக் குறோஸின்ர குற்றம் எண்டு நம்பிக் காசு செலவழிக்காதேங்கோ. எப்பவும் நாலு சில்லும் இழுக்கிற வண்டி, தளர்வு கனக்க இடத்தில ஒளிஞ்சிருக்கும். குறோஸைச் சோதிக்கிறது லேசு. சமதரையில சில்லுகளுக்குக் கட்டை வைச்சு, கியரும் றான்ஸ்ஃபரும் நியூட்ரலில விட்டு, கீழ படுத்து ஒரு கையால டிஃப் பக்க ஃபிளான்ஜையும் (ஷாஃப்ற்றைப் போல்ற்றால பூட்டுற தட்டு) மற்றக் கையால ஷாஃப்ற்றையும் பிடிச்சு எதிரெதிராய்த் திருகுங்கோ. பிறகு மேலும் கீழுமாய்த் தூக்குங்கோ. கப்புக்கும் குறோஸ் கைக்கும் இடையில கண்ணுக்குத் தெரியிற அசைவு துளியும் இருக்கக் கூடாது. ரெண்டும் சேர்ந்து திரும்பி டிஃபுக்குள்ள "கிளக்" எண்டால் அது பல்லிடைத் தளர்வு. குறோஸ் மாத்தி அது போகாது.

வழுக்கு ஸ்பிளைனையும் (ஷாஃப்ற் நீண்டு சுருங்க விடுற பல்லு மூட்டு) அதே கையோட ஆட்டிப் பாருங்கோ. அது மேலுங்கீழும் ஆடினால் புதுக் குறோஸ் போட்டாலும் 70இல அதிரும். அந்த நிலைமையில முழு ஷாஃப்ற்தான் வாங்க வேணும். 300 ரிடிஐ வண்டியளில கியர் பொக்ஸின்ர மெயின் ஷாஃப்ற் றான்ஸ்ஃபர் பொக்ஸுக்குள்ள போற இடத்தில இருக்கிற ஸ்பிளைன் தேயிறதும் வழமை. அந்த அடியும் இதே மாதிரித்தான் கேட்கும்.

அதிர்வு எந்த ஷாஃப்ற்றில எண்டு பிரிக்க ஒரு வழி இருக்கு. முன் ஷாஃப்ற்றை முழுசாய்க் கழட்டி வைச்சிட்டு, டிஃப் லொக் (றான்ஸ்ஃபர் பொக்ஸில முன் பின் இழுவையைச் சேர்த்துப் பூட்டுறது) போட்டு, பின் சில்லுகளில மட்டும் அதே றோட்டில ஓடிப் பாருங்கோ. அதிர்வு போயிட்டால் முன் ஷாஃப்ற்தான். உங்கட மூண்டாவது கேள்விக்கும் இதுதான் மறுமொழி: ஓம், ஓட்டலாம், ஆனால் டிஃப் லொக் கட்டாயம். லொக் இல்லாட்டி இழுவை முழுக்க முன் பக்க வெறும் ஃபிளான்ஜைச் சுத்திக்கொண்டு நிக்கும், வண்டி அசையாது.

---

வவுனிக்குளம்_டீசல்:

அண்ணை சொன்னதுக்கு மேல ஒரு விசயம், உயிர் விசயம். டிஃபென்டரில ஹான்ட் பிறேக் சில்லில இல்லை. றான்ஸ்ஃபர் பொக்ஸின்ர பின் பக்கம், பின் ஷாஃப்ற் தொடங்கிற இடத்தில இருக்கிற டிறம்மிலதான் பிடிக்குது. முன் ஷாஃப்ற்றைக் கழட்டினால் பிறேக் பின் சில்லுகளைப் பிடிச்சிருக்கும், பயமில்லை. பின் ஷாஃப்ற்றைக் கழட்டின நிமிசம் டிறம்முக்கும் பின் சில்லுக்கும் தொடர்பே இல்லை. லீவரை முழுசா இழுத்து வைச்சிருந்தாலும் வண்டி உருளும், நீங்கள் கீழ படுத்திருப்பீங்கள். பின் சில்லு ஒண்டை ஜக்கில தூக்கினாலும் இதே ஆபத்துத்தான். பின் டிஃபுக்கு லொக் இல்லாததால தூக்கின சில்லு சுத்தும், தரையில நிக்கிற சில்லும் உருளும்.

அதால முன் பக்க வேலையெண்டாலும் பின் சில்லு ரெண்டுக்கும் முன்னும் பின்னும் மரக் கட்டை. ஜக்கில மட்டும் நிக்கிற வண்டிக்குக் கீழ போகக் கூடாது. கிரவல் தரையில வண்டியைத் தாங்குற ஸ்ராண்ட் சரியும், அடியில பலகைத் துண்டு ஒண்டு வையுங்கோ.

---

கராஜ்_வாசல்:

அளவு முதலில். லாண்ட் றோவர் குறோஸ் இந்த வண்டிகளில ரெண்டு அளவில வருது. ரெண்டிலயும் கப் விட்டம் 27 மிமீ, வித்தியாசம் கப் முகத்திலிருந்து எதிர்க் கப் முகம் வரைக்கும் இருக்கிற நீளத்திலதான். ஆர்ரிசி3346 எண்டது 75 மிமீ, ஆர்ரிசி3458 எண்டது 82 மிமீ. இலக்கத்தைச் சொல்லி வாங்குறதை விட, பழசைக் கழட்டி வேர்னியரால அளந்து, பழசையும் கையில கொண்டு போறது நல்லது. 25 வருசம் தாண்டின வண்டியில இடையில யாரும் வேற ஷாஃப்ற் மாத்தியிருக்கலாம். வவுனியாவில கிடைக்காட்டிக் கொழும்பு பஞ்சிகாவத்தையில எடுக்கலாம். போன் பண்ணி எடுப்பிக்கிறதெண்டால் ரெண்டு அளவையும் மிமீயில சொல்லுங்கோ, "டிஃபென்டர் குறோஸ்" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. 75ஐ எதிர்பார்த்திருக்க 82 வந்து சேரும்.

முன் ஷாஃப்ற்றில ரெண்டையும் சேர்த்தே மாத்துங்கோ. ரெண்டும் ஒரே சேறு, ஒரே கிறீஸ், ஒரே கிலோமீற்றர். புது நைலொக் நட் (உள்ள நைலோன் வளையம் உள்ளது) எட்டும் வாங்குங்கோ. ஒருக்காக் கழட்டின நைலொக்கின்ர பிடி குறைஞ்சிடும்.

கழட்ட முதல் அடையாளம் வைக்க வேணும், இதைத் தாண்டிப் போகாதேங்கோ. டிஃப் ஃபிளான்ஜிலயும் ஷாஃப்ற் ஃபிளான்ஜிலயும் ஒரு நேர்கோடு, றான்ஸ்ஃபர் பக்கமும் அப்படியே. வழுக்கு ஸ்பிளைனில ஆண் பாதியிலயும் பெண் பாதியிலயும் ஒரு கோடு. பெயின்ற் அழியும், சென்ரர் பஞ்சால புள்ளி குத்துங்கோ. இதுக்குக் காரணம் பலன்ஸ் மட்டுமில்லை. பின் ஷாஃப்ற்றில ரெண்டு முனைக் கவையும் (குறோஸைப் பிடிக்கிற ரெண்டு காதுள்ள பகுதி) ஒரே தளத்தில நிக்கும். முன் ஷாஃப்ற்றில ரெண்டு முனைக் கோணமும் சமமில்லை, அதால தொழிற்சாலையிலயே கவைகளை விலத்தித்தான் பூட்டியிருப்பாங்கள். அதைப் பார்த்து "ஆரோ பிழையாப் பூட்டிப் போட்டான்" எண்டு நேராக்கிப் பூட்டுறவை கனபேர். பிறகு குறோஸ் புதுசு, அதிர்வு முந்தினதை விட மோசம்.

போல்ற்றுகள் 3/8 யூஎன்எஃப், பக்கத்துக்கு நாலு. ஸ்பனர் 9/16. பதினாலாம் நம்பர் போகாது, பதினைஞ்சாம் நம்பர் போகும், ஆனால் மூலையை உருட்டிப் போடும். 9/16 ஒண்டு தேடி எடுக்கிறது ஒரு நாள் சண்டையைக் குறைக்கும். முதல் நாள் பின்னேரமே வயர் பிறஷ் போட்டு, துரு எண்ணெய் அடிச்சு விடுங்கோ.

முன் சில்லு ஒண்டைத் தூக்கி ஸ்ராண்டில வையுங்கோ. டிஃப் லொக்கை விலக்கி, றான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில விட்டால் தூக்கின சில்லைக் கையால சுத்த ஷாஃப்ற்றும் சுத்தும். நட் ஒண்டு வசதியான இடத்துக்கு வந்தவுடன லோவில போட்டு முதலாம் கியரில விட்டால் ஷாஃப்ற் பிடிச்சு நிக்கும். இளக்குங்கோ, திரும்ப நியூட்ரல், அடுத்த நட். ஹான்ட் பிறேக் முழு நேரமும் இழுத்தபடியே இருக்கட்டும்.

எட்டும் கழண்டால் ஷாஃப்ற் விழாது, ஃபிளான்ஜ் விளிம்பில கவ்வி நிக்கும். மரத்துண்டு வைச்சுத் தட்டி, ஸ்பிளைனை உள்ளுக்குத் தள்ளிச் சுருக்கி எடுங்கோ. ஸ்பிளைனை இழுத்து ரெண்டாக்கத் தேவையில்லை.

இனிக் குறோஸ். கப்புகளின்ர வெளி முகத்துக்கு மேல, கவைத் துளையில இருக்கிற கிளிப் காடியைக் கூர்க்கம்பியால சுரண்டித் துப்பரவாக்குங்கோ. சேர்க்கிளிப் (கப்பைப் பிடிச்சு வைக்கிற வளையக் கிளிப்) அசையாட்டிக் கப்பில ஒரு சொக்கற்றை வைச்சு மெல்ல உள்ளுக்கு ஒரு தட்டு. கிளிப்பில இருக்கிற அழுத்தம் போகும், கிளிப்பும் கழரும். நாலையும் எடுத்த பிறகு வைஸில ஒரு பக்கம் 30 இல்லாட்டி 32ஆம் நம்பர் சொக்கற், கப் அதுக்குள்ள வந்து விழ இடம் இருக்க வேணும். மற்றப் பக்கம் கப்பை விடச் சின்னதாய் 17ஆம் நம்பர் சொக்கற். வைஸை இறுக்க ஒரு கப் வெளிய நீளும். அதை வைஸில கடிச்சுப் பிடிச்சுக்கொண்டு கவையை மரச் சுத்தியலால தட்டி இழுங்கோ. திருப்பி மற்றக் கப்.

கப் அசையவே இல்லையெண்டால் கவையின்ர காதில பெரிய சுத்தியலால அடிக்காதேங்கோ. காது ஒரு மிமீ வளைஞ்சாலும் ரெண்டு துளையும் நேர்கோட்டில நிக்காது, புதுக் குறோஸ் சுத்தாது. கிறைண்டரால குறோஸை நடுவில வெட்டி, கைகளை எடுத்திட்டு, கப்புகளைத் தனித்தனியா உள்ளிருந்து வெளிய தள்ளுங்கோ. எப்பிடியும் பழசு குப்பைக்குத்தான்.

கவைத் துளையையும் கிளிப் காடியையும் மினுக்கத் துடைச்சு, புதுக் கப்பை வெறுங்கையால தள்ளிப் பாருங்கோ. இறுக்கமா நிண்டு, அழுத்தினால் மட்டும் போக வேணும். விரலால தள்ள வழுக்கிக்கொண்டு போனால் அந்தக் கவை முடிஞ்சுது. பஞ்சால சுத்திவரக் குத்திப் போடுறதும் லேத்தில வெல்டிங் போட்டுக் கடைஞ்சு எடுக்கிறதும் ஏ9 றோட்டில 80இல ஓடுற வண்டிக்குச் சரிவராது.

பூட்டேக்க: நாலு கப்பையும் கழட்டி, ஊசிகள் எல்லாம் சுவரோட ஒட்டி நிக்குதோ எண்டு பாருங்கோ, கிறீஸ் குறைவெண்டால் கொஞ்சம் பூசுங்கோ. குறோஸின்ர கிறீஸ் நிப்பிள் ஃபிளான்ஜ் பக்கம் இல்லாமல் ஷாஃப்ற் பக்கம் பார்க்க வேணும், ஸ்பிளைன் நிப்பிள் எந்தப் பக்கமோ அதே பக்கம். மாறிப் பூட்டினால் கிறீஸ் கன்னின்ர வாய் உள்ளுக்குப் போகாது, போகாட்டி ஒருத்தரும் கிறீஸ் அடிக்கமாட்டினம். ஒரு கப்பைக் கவையில அரைவாசி தள்ளி, குறோஸின்ர கையை அதுக்குள்ள விட்டு, எதிர்க் கப்பை வைச்சு, குறோஸைக் கையால அங்க இங்க ஆட்டியபடியே வைஸை இறுக்குங்கோ. ஆட்டம் நிண்டால் உடன வைஸையும் நிப்பாட்டுங்கோ. காடி முழுசாத் தெரிஞ்சவுடன கிளிப்.

நாலும் பூட்டினாப் பிறகு கையால எல்லாப் பக்கமும் மடங்க வேணும். மெல்லிய இறுக்கம் பரவாயில்லை, ஒரு இடத்தில கட்டி மாதிரி நிண்டால் கவைக் காதின்ர வெளிப்பக்கம் மெல்ல ஒரு தட்டு. கப் பின்வாங்கிக் கிளிப்பில போய் உக்காரும். அப்பவும் இறுக்கமெண்டால் வண்டியில ஏத்தாதேங்கோ. "ஓட ஓட இளகும்" எண்டுவினம். இளகாது, சூடாகி அரைக்கும்.

நட் இறுக்கம் 47 நியூட்டன் மீற்றர். ரோர்க் ஸ்பனர் இல்லாட்டி 30 செமீ கைப்பிடியின்ர நுனியில கிட்டத்தட்ட 16 கிலோ பாரம், அவ்வளவுதான். குழாய் போட்டு நீட்டி இறுக்க வேண்டாம். தலையில எந்தக் குறியும் இல்லாத கடைப் போல்ற்றும் வேண்டாம். ஃபிளான்ஜ் ரெண்டையும் கவ்விப் பிடிக்கிறதே அந்த இறுக்கம்தான், போல்ற் இளகினால் கவ்வலும் போகும்.

---

பனங்காமம்110:

நன்றி அண்ணைமார். 75 மிமீதான். டிஃப் பக்கம் மூண்டு கப் சரியா உக்காந்திட்டுது. நாலாவதில காடி அரைவாசிதான் தெரியுது, வைஸ் இறுகி நிக்குது. இன்னும் கொஞ்சம் இறுக்கிறதோ?

---

கராஜ்_வாசல்:

இல்லை! கையை எடுங்கோ.

முதல்ல எதிர்ப் பக்கக் கப் தன்ர கிளிப்போட ஒட்டி நிக்குதோ, அந்தக் காடிக்குள்ள துருத் துண்டு கிடக்குதோ எண்டு பாருங்கோ. அது சரியெண்டால் மிச்சம் ஒரே காரணம்: ஊசி ஒண்டு சரிஞ்சு கப்பின்ர அடியில குறுக்காக் கிடக்குது. கப் போகாமல் நிக்கிற தூரம் கிட்டத்தட்ட ஊசியின்ர தடிப்பு, அதிலயே தெரியும். இன்னும் இறுக்கினால் ஊசி முறியும் இல்லாட்டிக் கப்பின்ர அடி வெடிக்கும். ரெண்டும் வெளியில தெரியாது. ஆயிரம் கிலோமீற்றரில தெரியும்.

நாலாவது கப்பை வெளிய எடுத்து, ஊசியை நிமித்தி நிறுத்துங்கோ. மற்றக் கப்பில எத்தனை ஊசியோ இதிலயும் அத்தனை இருக்க வேணும், எண்ணிப் பாருங்கோ. ஒண்டு குறைஞ்சால் அது குறோஸுக்குள்ளயோ நிலத்திலயோ. பழைய குறோஸின்ர ஊசியை எடுத்து நிரப்ப வேண்டாம். நிமித்தேக்க தடிப்பான கிறீஸாப் பூசினால் ஊசி விழாது. ரப்பர் சீல் மடிஞ்சிருந்தாலும் கப் நிக்கும், அதையும் பாருங்கோ.

---

மாங்குளம்_பழசு:

பூட்டின பிறகு கிறீஸ் அடிக்கிறதில ஒரு எச்சரிக்கை. குறோஸுக்கு நாலு சீலாலயும் புதுக் கிறீஸ் எட்டிப் பார்க்கிற வரைக்கும் பம்புங்கோ. மூண்டால வந்து ஒண்டால வராட்டி ஷாஃப்ற்றைச் சுத்தி, அந்தக் கைப்பக்கம் கொஞ்சம் அழுத்திப் பம்புங்கோ. லிதியம் கிறீஸ், ரெண்டாம் நம்பர், ஈபி (கூடின அழுத்தம் தாங்குற) வகை காணும்.

ஸ்பிளைனுக்கு அப்பிடிப் பம்பக் கூடாது. உள்ள கிறீஸ் நிரம்பி வெளிய வர வழியில்லாட்டி ஷாஃப்ற் சுருங்காது, கட்டை மாதிரி நிக்கும். முன் ஸ்பிறிங் அமரேக்க அந்த அடி முழுக்க றான்ஸ்ஃபர் பொக்ஸ் பெயாரிங்கிலயும் டிஃப் பினியனிலயும் போய் விழும். ரெண்டு மூண்டு பம்பு காணும். முந்தி ஆரோ நிரப்பி வைச்சிருந்தால், ஒரு முனை கழண்டு இருக்கிற இந்த நேரத்திலயே ஷாஃப்ற்றை முழுசாச் சுருக்கி, மிச்சத்தை வெளிய தள்ளி விடுங்கோ.

---

நெடுங்கேணி_டிஸ்கோ:

இடையில புகுறதுக்கு மன்னிக்கோணும். 1995 டிஸ்கவரி, பின் டிஃப் பக்கம் குறோஸ் இல்லை, வட்ட ரப்பர் ஒண்டு. அதில வெடிப்பு. டிஃபென்டர் மாதிரிக் குறோஸுக்கு மாத்தலாமோ?

---

கராஜ்_வாசல்:

மாத்தலாம், ஆனால் ரப்பரை மட்டும் கழட்டிக் குறோஸ் போடேலாது. அதுக்குப் பொருத்தமான ஷாஃப்ற்றும் டிஃப் ஃபிளான்ஜும் வேணும். ரப்பர் இருக்கிறது இழுவையின்ர அதிர்ச்சியைக் குடிக்க. மாத்தினால் கியர் மாத்தேக்க அடி கொஞ்சம் கூடக் கேட்கும்.

ரப்பரே போடுறதெண்டால், மேற்பரப்பில முடி மாதிரிக் கோடு பரவாயில்லை. போல்ற் துளைக்கு இடையில வெடிப்பு ஆழமாய் ஓடி, விரிச்சால் உள்ள நூல் தெரியுதெண்டால் ஓட்டத்தை நிப்பாட்டுங்கோ. அறுந்தால் சுத்துற ஷாஃப்ற் தகட்டைக் கிழிச்சுக்கொண்டு வரும். நடுவில ஷாஃப்ற்றை மையத்தில வைக்கிற முளையும் அதின்ர புஷ்ஷும் தேய்ஞ்சிருக்கோ எண்டும் பாருங்கோ, தேய்ஞ்சிருந்தால் புது ரப்பரும் கெதியாப் போகும். இறுக்கேக்க போல்ற் தலையைப் பிடிச்சுக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கோ. போல்ற்றைத் திருப்பினால் ரப்பர் முறுகின நிலையிலயே பூட்டுப்படும். மிச்சத்தைத் தனி இழையில கேளுங்கோ.

---

வவுனிக்குளம்_டீசல்:

புதுசு வாங்கேக்க நிப்பிள் உள்ளதோ, நிப்பிள் இல்லாத மூடின வகையோ எண்டு கடையில கேட்பினம். மூடின வகையில குறோஸுக்குள்ள துளை இல்லை, இரும்பு பலமாய் இருக்கும், கிறீஸ் அடிக்கிற வேலையும் இல்லை. என்னைக் கேட்டால் எங்கட பக்கத்துக்கு அதுதான் திறம்.

---

மாங்குளம்_பழசு:

தார் றோட்டு வண்டிக்குச் சரி. வாய்க்காலும் வயலும் இறங்கிற வண்டிக்கு நான் மாட்டன் எண்டுதான் சொல்லுவன். ஓடிச் சூடான குறோஸ் தண்ணிக்குள்ள திடீரெண்டு குளிர, உள்ள காத்துச் சுருங்கிச் சீலால தண்ணியை இழுக்கும். நிப்பிள் இருந்தால் அந்தத் தண்ணியைப் புதுக் கிறீஸ் தள்ளி வெளியேத்தும். மூடினதில போன தண்ணி போனதுதான், உள்ள கிடந்து துருப்பிடிக்கும்.

---

பனங்காமம்110:

ஊசிதான். எடுத்து நிமித்திப் போட்டாச்சு, எண்ணிக்கை சரி, நாலு காடியும் முழுசாத் தெரியுது, கையால மடங்குது. நிப்பிள் உள்ளதுதான் போட்டிருக்கு. மாரியில எத்தினை நாளைக்கு ஒருக்காக் கிறீஸ் அடிக்கிறது?

---

மாங்குளம்_பழசு:

வெயில் காலத்தில 5000 கிமீக்கு ஒருக்காக் காணும். மாரியில கிலோமீற்றரைப் பாக்காதேங்கோ, அச்சு முங்கத் தண்ணிக்குள்ள இறங்கின ஒவ்வொரு நாளும் பின்னேரம் அடியுங்கோ. சீலால முதல்ல பால் நிறத்தில வந்தால் தண்ணி போயிருக்கு. நிறம் மாறிச் சுத்தக் கிறீஸ் வரும் வரைக்கும் விடாதேங்கோ. முதல் 500 கிமீ ஓடினாப் பிறகு எட்டு நட்டையும் ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ.

நிப்பிள் வாயைத் துணியால துடைச்சிட்டுக் கன்னை வையுங்கோ. துடைக்காமல் பம்பினால் முதல் பம்பில ஊசிக்குள்ள போறது குளத்துச் சேறு.